வெள்ளத்தின்மேல் ஓர் அரியணை

கண்டி தலதா மாளிகைக்கு வெளியே ஓடும் வெள்ளை மதிலின் மேல்விளிம்பு நேர்கோடாக இல்லை. ஏறியும் இறங்கியும் வளைந்து வளைந்து போகிறது. உடம்பெங்கும் விளக்கு வைப்பதற்கென்று முக்கோணத் துளைகள். மாளிகையை ஒட்டிய மதிலைச் சிங்களத்தில் ‘தியரெளி பம்ம’ என்கிறார்கள். நீரலை மதில் என்று பொருள். வாவிக் கரையோரமாகச் செல்வது ‘வலாக்குளு பம்ம’, அதாவது முகில் மதில். அருகே 1807இல் வெட்டத் தொடங்கிய வாவிக்குப் பெயர் ‘கிரி முகுத’, நம் வழக்கில் பாற்கடல். இவை எல்லாவற்றுக்கும் மேலே எழுந்து நிற்கும் எண்கோண மண்டபம் பத்திரிப்புவ. அரசன் மக்களுக்குக் காட்சி கொடுத்தது அங்கிருந்துதான். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனின் காலத்தில், சிற்பாசிரியர் தேவேந்திர மூலாச்சாரியின் திட்டத்தில் உருவான அமைப்பு இது. கடல், கடலுக்கு மேல் அலை, அலைக்கு மேல் முகில், முகிலுக்கு மேல் மன்னன். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவனுக்கும் விளங்கும்படி கல்லிலும் சுண்ணாம்பிலும் சொல்லப்பட்ட செய்தி: நீரையும் வானத்தையும் காலடியில் வைத்திருப்பவனே உலகை ஆள்பவன்.

இதே காட்சி மிகப் பழைய எபிரேயப் பாடல் ஒன்றிலும் உண்டு. சீர்திருத்தச் சபையார் சங்கீதம் என்றும் கத்தோலிக்கர் திருப்பாடல் என்றும் வழங்கும் தொகுப்பில் அது 29ஆவது. மொத்தம் 11 வசனங்கள். முதல் இரண்டில், மகிமையும் வலிமையும் கடவுளுக்கே உரியவை என்று ஒப்புக்கொள்ளும்படி பாடகன் விண்ணவர் கூட்டத்தை அழைக்கிறான். அடுத்த ஏழில் பெரும்புயல் ஒன்று கடந்து போகிறது. கடவுளின் குரல் ஏழு தடவை முழங்குகிறது. அது நீர்ப்பரப்பின்மேல் இடிக்கிறது, கேதுரு மரங்களை முறிக்கிறது, மலைகளைக் கன்றுகள்போலத் துள்ள வைக்கிறது, தீயைச் சிதறுகிறது, பாலைநிலத்தை அதிர வைக்கிறது, காட்டை மொட்டையாக்குகிறது. 10ஆவது வசனத்தில் ஆரவாரம் அடங்கி, கடவுள் வெள்ளத்துக்கு மேலே என்றென்றைக்கும் அரசராக வீற்றிருக்கிறார். கடைசி வசனத்தில் அவர் தம் மக்களுக்கு வலிமையைக் கொடுத்து, சமாதானத்தால் அவர்களை ஆசீர்வதிக்கிறார். கண்டி மதிலும் இந்தப் பாடலும் ஒரே உருவகத்தைக் கையாள்கின்றன. ஆனால் அந்த உருவகம் போய்ச் சேரும் இடம் இரண்டிலும் வேறு. அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் பாடல் புரியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மலைநாட்டில் இது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வி அன்று. 2014 அக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை, மீரியபெத்தையில் மலைச்சரிவு இறங்கி, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் வரிசைகளை மூடியது. 2016 மே 17ஆம் திகதி கண்டிக்கு மேற்கே, கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் கண்டி மாவட்டமே நாட்டின் மிக மோசமாக அடிபட்ட பகுதிகளுள் ஒன்றாயிற்று. இப்படிப்பட்ட மண்ணில், வெள்ளத்துக்கு மேல் வீற்றிருக்கும் கடவுள் என்று ஒருவர் வாசிக்கும்போது கேட்பவர் மனம் சும்மா இருக்காது. சிலர் அதை அச்சத்தோடு கேட்கிறார்கள்: வெள்ளத்தை அனுப்பியவர் அவர்தான், நம் பாவத்துக்கு வந்த கூலி இது என்று. வேறு சிலர், இடிக்குப் பயந்த பழங்கால மனிதரின் கற்பனை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எதிரெதிர் முகாமாகத் தோன்றினாலும் இரு சாராரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மழை ஏன் பெய்தது, மலை ஏன் சரிந்தது என்பதற்கான விளக்கமாகப் பாடலை எடுத்துக்கொள்கிறார்கள். பாடலோ வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறது. உலகில் அரியணை யாருக்கு, அந்த அரியணையிலிருந்து வலிமை யாரை நோக்கி வருகிறது என்பதே அந்தக் கேள்வி.

முதலில் புயலின் பாதையைப் பார்ப்போம். பாடலில் இடி தொடங்குவது பெருநீர்மேல், அதாவது மத்தியதரைக் கடலின் பக்கம். பிறகு அது லெபனான் மலைத்தொடரிலும், எர்மோன் சிகரத்தின் மற்றொரு பெயரான சிரியோனிலும் ஏறுகிறது. முடிவில் காதேஸ் என்னும் பாலைநிலத்தில் இறங்குகிறது. அந்நாட்டில் கோடை முழுதும் மழை இல்லை. ஐப்பசி வாக்கில் மேற்கே கடலிலிருந்து எழும் முகிலே முதல் ஈரத்தைக் கொண்டுவரும். பாடலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள தலைப்புக் குறிப்பு, மழைக்காலத்தின் வாசலில் வரும் கூடாரப் பண்டிகையோடு அதைச் சேர்க்கிறது. ஆகவே முதன்முதல் இதைக் கேட்டவர்களுக்கு அந்த இடி அச்சம் மட்டும் தரவில்லை, விதைப்பு தொடங்கும் என்ற நம்பிக்கையையும் தந்தது. கண்டி மக்களுக்கு இந்த இரட்டை உணர்ச்சி புதிதன்று. எசல பெரஹராவின் முன்வரிசையில் செல்பவர்கள் நீண்ட சாட்டைகளைச் சுழற்றித் தெருவில் வெடிக்க வைக்கிறார்கள். அந்த ஓசை இடிமுழக்கத்தைக் குறிப்பது என்பார்கள். மழை வேண்டிய பழைய சடங்குகளின் நினைவு அந்த ஊர்வலத்தில் இன்றும் இருக்கிறது. இடியை வெறும் தண்டனையாகக் கேட்கும் காது இம்மண்ணினுடையதும் அன்று, அப்பாடலினுடையதும் அன்று.

அடுத்தது, இந்த உருவகம் எங்கிருந்து வந்தது என்பது. 1928இல் சிரியாவின் கடற்கரையில் உழவர் ஒருவரின் கலப்பையில் பழைய கல்லறை ஒன்று தட்டுப்பட்டது. மறுவருடம் பிரெஞ்சுத் தொல்லியலாளர் குளோட் ஷேஃபர் அகழத் தொடங்கினார். உகாரித் என்ற நகரம் வெளிப்பட்டது. அதன் களிமண் பலகைகளில் புயல்தெய்வமான பாகாலைப் பற்றிய நெடும்பாடல்கள் கிடைத்தன. பாகால் கடல்தெய்வத்தை அடித்து வீழ்த்துகிறான், தனக்கென்று ஒரு மாளிகை எழுப்புகிறான், அதன் சாளரத்திலிருந்து குரல் கொடுக்கிறான், பூமி அதிர்கிறது. 1935இல் எச். எல். கின்ஸ்பெர்க் என்ற அறிஞர் 29ஆவது சங்கீதத்துக்கு அடியில் இப்படிப்பட்ட கானானியப் பாடல் ஒன்று இருக்கிறது என்று வாதிட்டார். அதை முழுதாக ஏற்காதவர்களும், உருவகங்கள் அந்த நிலப்பரப்புக்குப் பொதுவானவை என்பதை மறுப்பதில்லை. அப்படியானால் இது இரவல் சரக்குத்தானே, இதற்கென்று தனிப்பொருள் ஏது என்று கேட்கலாம். இரவல் வாங்கியது உண்மை. ஆனால் கவிஞனை அளக்க அவன் எதை வாங்கினான் என்பது போதாது, வாங்கியதில் எதை மாற்றினான் என்பதையும் பார்க்க வேண்டும். உகாரித்தில் போர் நடக்கிறது. சங்கீதத்தில் போரே இல்லை. கடல் எதிர்த்து நிற்கும் பகைத்தெய்வமாக வரவில்லை, வெறும் நீராகக் கிடக்கிறது. ஆயுதமும் இல்லை, எதிரியும் இல்லை. குரல் ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

இன்னொரு மாற்றம் இதைவிடக் கூர்மையானது. உகாரித் பாடலில் பாகாலின் மாளிகைக்கு மரம் கொண்டுவரப்படுவது லெபனானிலிருந்தும் சிரியோனிலிருந்தும். சங்கீதத்தில் கடவுளின் குரல் பட்டு முறிவது லெபனானின் கேதுரு. துள்ளுவது லெபனானும் சிரியோனும். பெயர்கள் அதே இரண்டு; ஒரு பாட்டில் அரண்மனையாக எழுந்தது மற்றதில் சிதறுகிறது. கேதுரு அக்காலத்தில் ஏழையின் குடிசைக்கு வந்த மரமன்று. தீரு நகரத்து அரசன் ஈராமிடமிருந்து சாலொமோன் தருவித்தது அது. எகிப்தின் மன்னர்கள் கப்பலுக்காகத் தேடியதும் அது. லெபனானில் ஏறி உயர்ந்த கேதுருக்களை வெட்டினேன் என்ற அசீரிய மன்னனின் பெருமைப் பேச்சை ஏசாயாவின் நூல் குறித்து வைத்திருக்கிறது. கேதுரு என்றால் அதிகாரம் என்று அன்றைய காது கேட்டது. அதனால் பாடலில் எவை அசைகின்றன என்று எண்ணிப் பார்ப்பது அவசியம். மாமரங்கள், மாமலைகள், அகன்ற பாலைநிலம், அடர்ந்த காடு. ஒரு வீடு விழவில்லை, ஒரு மனிதனும் மாளவில்லை. அசையாதவை என்று மனிதர் நம்பிப் பயந்தவை மட்டுமே அசைகின்றன.

பாடலின் கட்டமைப்பும் இதையே உறுதிசெய்கிறது. தொடக்கத்தில் வலிமையைக் கடவுளுக்கே செலுத்துங்கள் என்று மேலுலகத்தாருக்குக் கட்டளை. முடிவில் அதே வலிமையைக் கடவுள் மக்களுக்குக் கொடுக்கிறார். வலிமை மேலே போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கிவிடவில்லை, கீழே இறங்கி வருகிறது. இடையில் வரும் புயல் அதன் அளவைக் காட்டுவதற்கே. இவ்வளவு வலிமை உள்ளவர் அதை என்ன செய்கிறார் என்ற எதிர்பார்ப்பை ஏழு முழக்கங்களும் ஏற்றிக்கொண்டே போகின்றன; 11ஆவது வசனம் அதற்கு விடையளிக்கிறது. நடுவில் ஒரு மன்னனும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கடவுளின் வலிமையை வாங்கி, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குடிகளுக்குப் பங்கிடும் தாவீதின் மரபினன் யாரும் இந்தப் பாடலில் தலைகாட்டவில்லை. தொகுப்பிலுள்ள வேறு சில சங்கீதங்கள் அரசனைக் கொண்டாடுகின்றன; இது அவனைக் கடந்து நேரே மக்களிடம் போகிறது.

கண்டி மதிலோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். புவியியலாளர் ஜேம்ஸ் டங்கன் 1990இல் வெளியிட்ட ஆய்வு நூலில் கண்டி நகரத்தை ஒரு பனுவல்போல வாசித்துக் காட்டினார். கடைசி மன்னன் தன் தலைநகரை சக்கரனின், அதாவது நமக்குத் தெரிந்த இந்திரனின் வானுலக நகரம்போல அமைத்தான் என்பது அவர் தரும் விளக்கம். இந்திரன் இடிக்கும் மழைக்கும் உரிய தேவன். பாகாலின் தொழிலும் அதுவே. ஆக உகாரித்திலும் எருசலேமிலும் கண்டியிலும் அதிகாரம் ஒரே உடையைத்தான் அணிந்திருக்கிறது. ஆனால் கண்டியில் அந்தப் பாற்கடல் தானாக ஊறி வரவில்லை. ராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பில், வயலாக இருந்த இடத்தில் குடியானவர் வெட்டிச் சுமந்து அமைத்தது அது. மன்னன் அதில் வானுலகைக் கண்டான். சுமந்தவர்களும் பிரதானிகளும் சுமையைக் கண்டார்கள். 1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில், அதாவது அரசனின் சொந்த அரசவை மண்டபத்தில், நாட்டைப் பிரித்தானிய முடிக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. அரசன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டான். அவனை வீழ்த்தியதற்குக் காரணங்கள் பல. மக்களின் வலிமையை உறிஞ்சி எழுப்பிய பெருமை அவனைக் காக்கவில்லை என்பது மட்டும் தெளிவு. கண்டியில் வலிமை கீழிருந்து மேலே ஏறியது. சங்கீதத்தில் அது மேலிருந்து கீழே வருகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தம் மக்களுக்கு வலிமை என்று பாடல் சொல்கிறதே, அது ஓர் இனத்தின் பாட்டுத்தானே என்பது. தன் மக்கள், தன் வலிமை என்ற சொற்களின் பெயரால் கால் நூற்றாண்டுக்கு மேல் இரத்தம் சிந்திய நாடு நம்முடையது. ஆகையால் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. முதலில் கேட்டவர்கள் அதை இஸ்ரவேலர் என்றே கொண்டிருப்பார்கள். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனாலும் பாடல் அந்தப் பெயரை எங்கும் உச்சரிப்பதில்லை. சீயோன் மலையின் பெயரும் இல்லை. புயல் நடந்து போகும் நிலத்தின் பெரும்பகுதி அயலாருடையது. அதைவிட முக்கியம், வலிமைக்கு அடுத்தபடியாக வருவது வெற்றி அன்று, சமாதானம். வலிமையைத் தனியாக எடுத்தால் அது யாருக்கும் ஆயுதமாகும். சமாதானத்தோடு கட்டி வைத்தால் அதன் திசை மாறும். கண்டியை அடுத்த பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியற் கல்லூரி சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கிறது. இரு மொழியாரும் ஒரே வளாகத்தில் இந்தத் தொகுப்பைக் கற்கிறார்கள். அந்த இடத்தில் ‘தம் மக்கள்’ என்பதை ஒரு சாராருக்கு மட்டும் என்று சுருக்கிப் பொருள்சொல்வது கடினம். பாடலும் அந்தச் சுருக்கத்தை வேண்டவில்லை.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. வெள்ளம் என்றதும் நோவாவின் காலத்துப் பெருவெள்ளம் நினைவுக்கு வரும். அதை அனுப்பியவர் கடவுள் என்றே ஆதியாகமம் சொல்கிறது. அப்படியிருக்க, மண்சரிவில் மாண்டவர்கள்மீது பாவத்தைச் சுமத்துவோரை இப்பாடல் எப்படி மறுக்கும்? பாடலையே சாட்சிக்கு அழைக்கலாம். இதில் பாவம் பேசப்படவில்லை, தீயவன் ஒருவன் குறிப்பிடப்படவில்லை, தீர்ப்பும் வழங்கப்படவில்லை. வெள்ளம் இங்கே தண்டனையின் கருவியாக வராமல், அரியணைக்குக் கீழே அடங்கிக் கிடப்பதாக வருகிறது. விவிலியத்தின் பிற பகுதிகளும் துன்பப்பட்டவனைக் குற்றவாளியாக்கும் அவசரத்தைக் கண்டிக்கின்றன. யோபுவின் நண்பர்கள் அதைத்தான் செய்தார்கள்; நூலின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது அவர்கள்மேல். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று தாமே விடையும் சொன்னதை லூக்கா எழுதியிருக்கிறார். மண்ணுக்கடியில் போனவர்களின் உறவினரிடம் 29ஆவது சங்கீதத்தை எச்சரிக்கையாக நீட்டுவது பாடலுக்கும் அநீதி, அவர்களுக்கும் அநீதி.

அதற்கு மேல் ஒன்றுண்டு. காட்டை மொட்டையாக்கிய கை கண்டி மலைகளில் யாருடையது? 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் மலைக்காடுகளை அரசுடைமை என்று கொள்ள வழிசெய்தது. அவை தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. கோடரி ஏறியது, தீ வைக்கப்பட்டது, கோப்பி நட்டார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் தொடங்கியிருந்த தேயிலை அந்தச் சரிவுகளைப் பிடித்துக்கொண்டது. ஆழ வேரோடிய மரங்கள் போனபின் மழைநீர் மண்ணில் ஊறி மண்துகள்களுக்கிடையே அழுத்தம் ஏறுகிறது. ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்கிறது. கானை அடைபட்டால், அடிவாரத்தை வீட்டுக்கோ வீதிக்கோ வெட்டினால், சரிவு தாங்காது. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று என்று மலை முன்கூட்டியே அடையாளம் காட்டுகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையை அளந்து மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. இந்தக் காரணங்களை எல்லாம் கடவுளின் குரல் என்ற ஒரு சொல்லால் மூடிவிட்டால் கோடரி பிடித்தவர்களுக்கும் கானையைப் பராமரிக்காதவர்களுக்கும் நல்ல மறைவிடம் கிடைத்துவிடும். பாடல் அந்த மறைவிடத்தைக் கொடுக்கவில்லை. அதில் காட்டை அசைப்பவர் கடவுள். காட்டை விற்றுக் காசாக்கியவர்களுக்கு அதில் இடமே இல்லை.

இதற்கு நேரெதிர்ப் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் கேட்கும். மேலே ஒருவர் வீற்றிருக்கிறார், எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்ற ஆறுதல் மக்களைச் சோம்பி இருக்க வைக்காதா என்பது. 1854இல் கண்டிப் பகுதியில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் கோப்பித் தோட்டத் தொழிலாளரிடையே வேதத்தைக் கொண்டுசென்றபோது, தோட்டத்துரைமாரின் ஆதரவும் அதற்கு இருந்தது என்பதை நினைத்தால் இந்தக் கேள்வியில் நியாயம் இருப்பது தெரியும். அடங்கி இரு என்று சொல்லவும் ஒரு சங்கீதத்தைப் பயன்படுத்த முடியும். ஆனால் பாடலின் கடைசிக் கொடை பொறுமை அன்று, வலிமை. அடங்கிக் கிடக்கச் சொல்பவர் யாருக்கும் வலிமையைக் கொடுக்கமாட்டார். மேலும் இந்தத் தொகுப்பில் இருப்பவை புகழ்ச்சிப் பாட்டுகள் மட்டும் அல்ல. 44ஆவது சங்கீதம் ஏன் உறங்குகிறீர் என்ற தொனியில் கடவுளிடமே முறையிடுகிறது. 88ஆவது இருளிலேயே முடிகிறது. வீற்றிருப்பவரை நோக்கிக் குரல் எழுப்பலாம் என்று கற்றுக்கொண்ட மக்கள் மனித அதிகாரியின் மேசைக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டிய தேவை இல்லை.

இந்த வாசிப்பு கட்டுரையாளர் இழுத்து வைத்த பொருள் அன்று என்பதற்குக் கண்டியிலேயே ஒரு கட்டடம் சாட்சி. திரித்துவக் கல்லூரியின் ஆலயத்துக்கு 1923இல் அடிக்கல் நாட்டினார்கள். 1935இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. வரைந்தவர் எல். ஜே. காஸ்டர் என்ற குருவானவர். ஐரோப்பியக் கோபுர ஆலயத்தை அவர் பின்பற்றவில்லை, மகுல் மடுவவையே மாதிரியாகக் கொண்டார். அரசன் வீற்றிருந்த மண்டபத்தின் வடிவில், செதுக்கிய கருங்கல் தூண்களோடு, பக்கங்கள் திறந்தபடி அது நிற்கிறது. ஆட்சி செய்த வல்லரசின் மதம் உள்ளூர் மன்னனின் சட்டையைப் போட்டுக்கொண்டது என்று இதைக் குறைசொல்ல இடமுண்டு. உள்ளே போய்ச் சுவரோவியங்களைப் பார்த்தால் அந்தக் குறை முழுமையாக நிற்காது. அக்கல்லூரியின் பழைய மாணவரான டேவிட் பெயின்ரர் வரைந்தவை அவை. ஒன்றில், தன் இரு மகன்களுக்கும் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆசனம் கேட்டு இயேசுவிடம் ஒரு தாய் வந்திருக்கிறாள். இன்னொன்றில் இயேசு சீடரின் கால்களைக் கழுவுகிறார். அரசவை மண்டபத்துக்குள் ஆசனம் கேட்பவருக்கு மறுமொழியாகக் கால் கழுவும் கையைக் காட்டுவது தற்செயலான அலங்காரம் என்று தோன்றவில்லை. வலிமை மேலிருந்து கீழே இறங்க வேண்டும் என்று சங்கீதம் 11 வசனங்களில் சொன்னதை அந்த மண்டபம் கல்லாலும் வண்ணத்தாலும் சொல்கிறது.

ஆகவே தெய்வ வலிமையின் உருவகத்தை அளக்க ஒரு தெளிவான அளவுகோல் கிடைக்கிறது. முழக்கம் எவ்வளவு பெரிது என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. அந்த வலிமை இறுதியில் யார் கையில் போய்ச் சேர்கிறது என்று கேட்க வேண்டும். கடவுளைப் பற்றிய பேச்சுக்கும் இது பொருந்தும், அரசுகளைப் பற்றிய பேச்சுக்கும் பொருந்தும். மீரியபெத்தையில் ஆபத்து பற்றி முன்னரே எச்சரித்திருந்ததாக அனர்த்தத்துக்குப் பின் அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால் தமக்கென்று ஒரு துண்டு நிலமும் இல்லாமல் லயனில் வாழும் குடும்பத்துக்கு, எழுந்து போ என்ற எச்சரிக்கையோடு போய்ச் சேர ஓர் இடமும் வேண்டும். எச்சரிக்கை ஒரு குரல். உறுதியான சரிவில் சொந்தக் காணியும் வீடும்தான் வலிமை. கடவுளை வெள்ளத்துக்கு மேல் அரசராகப் போற்றும் சபைகள் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடக் கூடாது. 10ஆவது வசனம் வரை வாசித்தவர்களுக்கு 11ஆவது வசனத்தை வாழ்ந்து காட்டும் பொறுப்பு இருக்கிறது. தம் மலைகளில் வாழும் மக்களுக்கு வலிமையும் சமாதானமும் காணியுறுதியாக, பராமரித்த கானையாக, நேரத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பான இடமாக வந்து சேரும்வரை அவர்கள் அந்தப் பாடலைப் பாடி முடித்ததாக ஆகாது.